முறுக்குப் பேணிக்குள் இருந்த அலாரம்

அன்புள்ள துவாரகன்,

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் படகை வாங்கும் தம்பதியர் வருகிறார்கள். நீ படகின் சாவியை அவர்கள் கையில் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயில் ஏறி, குட்மேய்ஸில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்துவிடுவாய். இன்று வியாழக்கிழமை, முற்பகல். நீயும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் விடுப்புச் சொல்லிவிட்டுக் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். மேசையின் மறு முனையில் உன் சாவிக்கொத்து கிடக்கிறது, தண்ணீரில் விழுந்தால் மிதப்பதற்காக நீ கட்டிய தக்கைப் பந்தோடு. அதைப் பார்த்துக்கொண்டு எழுதக் கஷ்டமாக இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவும் மனமில்லை. அந்தச் சாவி கைமாறுவதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயத்தைப் பத்து வாரமாகச் சொல்லாமல் இருக்கிறேன்.

ஏன் நேரே சொல்லாமல் எழுதுகிறேன் என்று நீ கேட்கமாட்டாய். உனக்கு என்னைத் தெரியும். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம்; நான் படித்ததையும் நீ பக்கத்தில் இருந்து பார்த்தவன். நம் இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியது நான்தான். உனக்கு அப்போது பதினொரு வயது. வகுப்பில் மூன்று வருடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பின் வரிசையில் இருந்து, வீட்டுக்கு வந்து பக்கம் பக்கமாக எழுதி வாங்கிய பட்டம் அது. பேச எழும்பினால் சொல் வராது. எழுத உட்கார்ந்தால் வரும். இதை ஒரு கூச்சம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூச்சத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எவ்வளவு பெரிய பிழையும் விடலாம் என்பதை இந்தத் தை மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

நீ படகு வாங்கிய செய்தியைச் சொன்ன அன்று அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். "இஞ்ச பாரும், உம்மட மோன் தண்ணியிலை குடியிருக்கப் போறாராம்." நீ பொறுமையாக விளக்கினாய். ஏழடி அகலம், ஐம்பதடி நீளம், உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. நிரந்தரமாக நிற்க இடம் இல்லாதவர்கள் பதினாலு நாளைக்கு ஒருமுறை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். அந்த ஒன்றைத்தான் அப்பா பிடித்துக்கொண்டார். "ரெண்டு கிழமைக்கு ஒருக்கா இடம்பெயர வேணுமெண்டால் அதென்ன வீடு? நாங்கள் சட்டி பானையோட ஓடினது காணாதே?" நீ சிரித்துவிட்டு, "அப்பா, நீங்கள் ஓடேக்கை வீட்டை விட்டிட்டு ஓடினீங்கள். நான் வீட்டோட ஓடப் போறன்" என்றாய். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. எனக்கும் பயம்தான். சின்ன வயதில் எத்தனை தரம் மூட்டை கட்டினேன் என்று எண்ணினால் இன்றைக்கும் கை குளிரும். உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாடு கட்டிக்கொண்டு லீ ஆற்றங்கரையில் உன் படகைத் தேடி வந்தேன்.

இலை உதிரும் காலத்தில் ஒரு நாள் படகு நகர்த்த உதவிக்கு என்னைக் கூப்பிட்டாய். ஞாபகம் இருக்கும். அன்றுதான் நான் முதன்முதலாக லொக் ஒன்றைக் கிட்ட நின்று பார்த்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் கதவு போட்ட ஒரு நீண்ட தொட்டி. படகை உள்ளே விட்டு, கதவை மூடி, மதகைத் திறந்தால் தண்ணீர் வடிந்து படகு கீழே இறங்கும். என்னைக் கரையில் நிறுத்திக் கயிற்றைக் கையில் தந்துவிட்டு நீ மதகைத் திறந்தாய். பிறகு படகின் பின்பக்கம் போய் நின்றாய். நான் என்ன செய்தேன்? படகு உன்னையும் கொண்டு எங்கேயாவது போய்விடும் என்று பயந்து, கயிற்றை இரும்புக் குற்றியில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டேன். தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சரிந்தது, உள்ளே கோப்பைகள் விழுந்து உடையும் சத்தம் கேட்டது. "அம்மா, கயிறு" என்று கத்தினாய். முடிச்சு இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது, என் விரலுக்கு அசையவில்லை. நீ ஏணியில் பாய்ந்து ஏறி வந்து மதகை மூடி, மேல் கதவால் தண்ணீர் விட்டுப் படகைத் திரும்ப உயர்த்தி, அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாய்.

நாயோடு நின்ற ஒரு மனிதர் என்ன நடந்தது என்று கேட்டார். உன் பிழை என்றும், அம்மாவுக்கு நீ சரியாகச் சொல்லித் தரவில்லை என்றும் அவருக்குச் சொன்னாய். பிறகு என்னிடம் திரும்பி, "லொக்குக்குள்ளை ஒரு நாளும் கட்டக்கூடாது அம்மா. ஒரு சுத்துச் சுத்திப்போட்டுக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும். தண்ணி இறங்க இறங்க விட வேணும்" என்றாய்.

"விட்டால் போட் போயிடாதோ?"

"எங்கை போறது? ரெண்டு பக்கமும் கதவெல்லோ."

அதற்குப் பிறகு அந்த நாய்க்காரரோடு நீ கால் மணி நேரம் கதைத்தாய். கயிற்றைப் பற்றி, குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைவதைப் பற்றி, கழிவுப் பெட்டியை எங்கே கொண்டுபோய் வெறுமையாக்குவது என்பதைப் பற்றி. நான் உடைந்த கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே பார்த்தேன். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை நீ. என்னைப் போல என்று நான் கவலைப்பட்ட பிள்ளை. அந்தக் கரையில் முன்பின் தெரியாத ஒருவரோடு கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாய். அந்தப் படகு உனக்கு என்ன கொடுத்தது என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது. விளங்கிய பிறகும்தான் நான் இப்படிச் செய்தேன்.

இனி தை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுகூடத்தில் இரவு ஷிப்ட் முடித்து நீ காலை பத்து மணிக்கு வந்திருந்தாய். நான் வரும்போது படகின் கூரையில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. நீ அடுப்பில் கரி போட்டுவிட்டு, "அம்மா, ரெண்டு மணிக்கு எழுப்புங்கோ" என்று பின் கட்டிலில் படுத்தாய். சோறும் கறியும் கொண்டு வந்திருந்தேன். சம்பலை மட்டும் அங்கேயே செய்வோம் என்று செத்தல் மிளகாயைச் சட்டியில் வறுத்தேன். அரை நிமிடத்தில் கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. நீ போர்வைக்குள் இருந்து, "மிளகாயோ அம்மா?" என்றாய். "ஓம், நீ படு" என்றேன். பக்கத்துப் படகுக்காரி வந்து கண்ணாடியில் தட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். முகம் கொதித்தது. ஒரு பொலித்தீன் பையை அந்த அலாரத்தின் மேல் போட்டு றப்பர் வளையத்தால் கட்டினேன். உனக்குத் தெரியும்தானே, நம் வீட்டுக் குசினி அலாரம் எத்தனை வருடமாகக் குளியல் தொப்பி போட்டுக்கொண்டு இருக்கிறது என்று. பிளேஸ்டோவில் சித்தி வீட்டிலும் அப்படித்தான். தாளிக்கிற வீட்டில் அலாரத்தின் வாயை மூடுவது எங்களுக்கு உப்புப் போடுவது மாதிரி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் இன்னொரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதே அளவு, அதே மாதிரி ஒரு சின்ன வெளிச்சம். இதுவும் கத்தப் போகிறது, அவள் திரும்ப வந்து கண்ணாடியில் தட்டப் போகிறாள் என்று பயந்தேன். உனக்குக் கொண்டு வந்த முறுக்குப் பேணியில் பாதி காலி. பெட்டியை அதற்குள் வைத்து மூடியை இறுக்கிவிட்டேன். பெட்டியின் முகத்தில் இரண்டு எழுத்துப் போட்டிருந்தது. பாண் பொதியில் எழுதியிருப்பதைக்கூட ஒரு வரி விடாமல் வாசிக்கிற நான் அந்த இரண்டு எழுத்தையும் வாசிக்கவில்லை. அது புகைக்கான பெட்டி அல்ல, அடுப்புக் கரியிலிருந்து வரும், மணமும் நிறமும் இல்லாத காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கான பெட்டி. பிறகு, முன் கதவின் கீழ்த் துவாரங்களால் குளிர் காற்று வந்து என் காலை வெட்டியது. அந்தத் துவாரங்கள் ஏன் இருக்கின்றன என்று நான் உன்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. என் சால்வையை மடித்து அவற்றில் செருகினேன். பக்கத்துத் துவாரத்தில் பழைய பேப்பரை அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் படகு சூடாகிவிட்டது. நீ இனிக் குளிராமல் நித்திரை கொள்வாய் என்று எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா?

தலை இடித்தது. மிளகாய்ப் புகை என்று நினைத்தேன். ஒரு மணிபோல வயிற்றைப் பிரட்டியதும் கொஞ்சம் வெளியே நிற்போம் என்று கரையில் இறங்கினேன். குளிர் காற்றுப் பட்டதும் தலை தெளிந்தது. திரும்ப உள்ளே வந்து உன்னைக் கூப்பிட்டேன். கன்னம் இரண்டும் சிவந்து, நல்ல நித்திரையில் கிடக்கும் குழந்தை மாதிரி இருந்தாய். "தம்பி, சாப்பிட எழும்பு" என்றேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. கை துணி மாதிரி விழுந்தது.

வெளியே ஓடினேன். கரியும் டீசலும் விற்கிற படகு மெதுவாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் பிள்ளை உள்ளே கிடக்கிறான், என் வாயில் ஒரு சொல் வரவில்லை. வாசலடியில் வைத்திருந்த மிளகாய்ச் சட்டியால் உன் படகின் கூரையில் அடித்தேன், அடித்தேன், அந்த மனிதர் திரும்பும்வரை அடித்தேன். "யூ ஓல்ரைட், லவ்?" என்றார். "மை சன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் தன் படகைக் கரையில் முட்டவிட்டுப் பாய்ந்து வந்தார். உள்ளே காலடி வைத்து, எரியும் அடுப்பையும் உன்னையும் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. ஜன்னல்களைத் தள்ளித் திறந்து, உன்னை அக்குளில் பிடித்து இழுத்துக் கரையில் கிடத்தி, தன் அங்கியைப் போர்த்துவிட்டு அம்புலன்ஸுக்கு அழைத்தார். நீ இருமினாய்.

இதுவரை பாதியாவது உனக்குத் தெரியும். தெரியாதது இனித்தான். உள்ளே போக வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்லியும், போர்வை எடுக்கிறேன் என்று நான் திரும்பப் போனேன். போர்வையை எடுத்தேன். அதோடு, கதவில் இருந்த சால்வையை உருவி என் தோளில் போட்டேன். பேப்பரை இழுத்து அடுப்புக்குள் எறிந்தேன். கூரையில் கட்டிய பையை அவிழ்த்தேன். பேணியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் யோசித்துச் செய்யவில்லை என்று எழுதலாம், ஆனால் நான்கு காரியத்தில் ஒன்றைக்கூட மறக்கவில்லையே. பிள்ளை குளிரில் கரையில் கிடக்க, தாய் உள்ளே நின்று தான் செய்ததற்குத் தடயம் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் முகமூடியைக் கழற்றியதும் நீ கேட்ட முதல் கேள்வி, "அம்மா, உங்களுக்கு ஒண்டும் இல்லையே?" இரண்டாவது கேள்வி, "அலாரம் அடிக்கேல்லையோ?"

நான் "இல்லை" என்றேன்.

அது பொய்கூட இல்லை. அது அடிக்கவில்லைதான். அந்த ஒரு சொல்லில் உன் படகு போய்விட்டது. படகைச் சோதிக்க வந்தவர்கள், புகை கசியாமல் அடுப்புக் கதவைச் சுற்றிப் பதித்திருந்த கயிறு நைந்து போயிருந்ததைக் கண்டார்கள். மாற்றுவதற்கு நீ வாங்கிய புதுக் கயிறு பையும் பிரிக்காமல் தட்டில் இருந்தது. "ஒரு கிழமையாத் தள்ளிப் போட்டிட்டன். உங்களைக் கொல்லப் பாத்திட்டன் அம்மா" என்று அழுதாய். கயிறு நைந்திருந்தது உண்மை. அது உன் பங்கு, அதை நான் உன்னிடமிருந்து எடுக்கமாட்டேன். ஆனால் துவாரங்கள் திறந்திருந்தால் காற்று வந்திருக்கும். பெட்டி தட்டில் இருந்திருந்தால் கத்தியிருக்கும். உன்னிடம் பிழை இருந்தது, பாதுகாப்பும் இருந்தது. பாதுகாப்பு இரண்டையும் எடுத்தவள் நான்.

நீ வீட்டுக்கு வந்தாய். அப்பா உன் அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டார். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பயம் சரி என்று ஆகிவிட்டது, பிள்ளையும் மாடியில் இருக்கிறான். ஆனால் அந்தப் பெட்டியையும் நீ கொண்டு வந்திருந்தாய். அன்று பின்னேரம் நான் குசினியில் நிற்க, மேலே உன் அறையில் 'பீப்' என்று கேட்டது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து நீ அதன் பொத்தானை அமத்திப் பார்க்கிறாய். அது ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் கத்துகிறது. அன்றைக்கு மட்டும் ஏன் கத்தவில்லை என்று உனக்கு விளங்கவில்லை. அரிசி கழுவிக்கொண்டு நிற்கும் எனக்கு விளங்கும். பத்து வாரமாக அந்தச் சத்தம் கேட்கும் நேரத்துக்கு நான் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு நீ வாங்குபவர்களோடு போனில் கதைத்தாய். புது அலாரம் போடுங்கள், பழையதை நம்ப முடியாது, அதைவிட என்னைத்தான் நம்பியிருக்கக்கூடாது என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அது என்னுடையது. பிறர் பார்க்கும்போது வாயை மூட நான் வைத்திருக்கிற சிரிப்பு. அந்த நாய்க்காரரோடு கையை ஆட்டிக் கதைத்த பிள்ளை எங்கே போனான் என்று நினைத்தேன். இன்று காலை நீ போன பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு காலில் போட்டதோடு நிறுத்தினார்.

"ஏன் இப்ப சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை விக்கப் போறான்."

"அப்ப சனிக்கிழமை முடியட்டும். பிறகு சொல்லும். பெடியன் வீட்டை வந்திட்டான், அது காணும்."

"காணாது" என்றேன்.

கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் முடிவாகச் சொன்ன ஒன்றுக்கு நான் இப்படிப் பதில் சொன்னதில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றச் சப்பாத்தைப் போட்டார். கதவடியில் நின்று, "அவன் உம்மோட கதைக்காமல் விட்டால் என்ன செய்வீர்?" என்று கேட்டார். அவர் போனதும் நான் பேனையை எடுத்தேன்.

நான் உனக்குப் புத்தி சொல்லும் நிலையில் இல்லை. ஆனாலும் ஒன்று கேள். ஏதாவது பிழைத்துப் போனால் உடனே அதை முழுதாகத் தூக்கி உன் தோளில் வைக்கிற பழக்கம் உனக்கு இருக்கிறது. லொக்கடியில் வைத்தாய், ஆஸ்பத்திரியில் வைத்தாய். அது பெருந்தன்மை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அப்படி நீ தூக்கிக்கொண்டால், பக்கத்தில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவோம். இனி முதலில் கேள். அன்புள்ளவர்களிடமும் கேள். அம்மாவிடமும் கேள்.

படகை விற்பதா இல்லையா என்பது உன் விருப்பம். குளிரும் தனிமையும் போதும் என்று நினைத்தால் வில். இந்த வீட்டில் உனக்கு அறை எப்போதும் உண்டு. ஆனால் நீ கவனமில்லாதவன் என்று நம்பி விற்காதே. அதை நம்ப வைத்தது என்னுடைய ஒரு சொல். நீ என்னோடு கதைக்காமல் விட்டாலும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசி.

இந்தக் கடிதத்தை அந்தத் தக்கைப் பந்துக்குக் கீழே வைக்கிறேன். நீ வேலையால் வந்ததும் காண்பாய். அதற்கு முன் கதிரையில் ஏறிக் குசினி அலாரத்தின் தொப்பியைக் கழற்றிவிட்டேன். தூசி தட்டி, உள்ளே எழுதியிருந்ததை எல்லாம் வாசித்தேன். சட்டியில் மிளகாய் போட்டு வைத்திருக்கிறேன். நீ மேலே இருந்து வாசித்து முடிக்கும் நேரத்துக்கு நான் அடுப்பைப் பற்றவைத்திருப்பேன். அலாரம் கத்தும், தெரு முழுக்கக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டினால் நானே போய்க் கதவைத் திறந்து என்னவென்று சொல்வேன். நீ கோபத்தோடாவது இறங்கி வா.

அம்மா